பவளம் சுற்றி வந்த தாள்

தாளை நான் எறிவதில்லை.
லிவர்னாத் துறையில் சுற்றிய தாள்,
சென்னப்பட்டணத்தில் ஒருமுறை பிரித்து மூடிய தாள்,
பாம்பன் கடந்து கீழக்கரைக்குத் தோணியில் வருகையில்
உப்பேறி மொடமொடத்த தாள்.
பவளத்தை
முதல் தரம், இரண்டாந்தரம், பூச்சி அரித்தது என்று
மூன்று ஓலைப்பெட்டியில் போட்ட பிறகு
தாள் எனக்கு.
அசன் லெப்பை அதைக் கணக்கில் எழுதமாட்டார்.

எழுத்துத் தெரியாது. முத்திரை தெரியும்.
ஒன்றில் குறுக்கே இரண்டு சாவி.
ஒன்றில் சிறகு முளைத்த சிங்கம்.
ஒன்றில் ஆறு உருண்டை, என்ன சாமானோ,
எலுமிச்சை என்று வைத்துக்கொண்டேன்.

கப்பலுக்கு வழிகாட்டும் தொம்மை பர்னாந்து
சங்குக் கணக்குத் தீர்க்க வந்தவர்
திரைக்கு வெளியே தாள்களை வாங்கிப் பார்த்தார்.
பறங்கிப் பேச்சு அவருக்குக் கொஞ்சம் வரும்.
இது அதற்குச் சித்தப்பா பிள்ளை என்றார்.
சாவி, பெரிய குருவின் சீமை.
சிங்கம், தண்ணீருக்குள் கட்டிய ஊர்.
"எல்லாம் ஒரே தரைதான் நாச்சியா,
கடலுக்குள் நீட்டிய கால் மாதிரி.
பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான்.
சுங்கச் சாவடிதான் ஊருக்கொன்று."

எனக்குச் சிரிப்பு வந்தது.
தொண்டியில் ஏற்றிய மூட்டை மதுரை சேருமுன்
எத்தனை இடத்தில் அவிழ்த்துக் கட்டினார்கள் என்று
மாமா விரல் மடக்குவார்.
இரண்டு கையும் போதாது.
சேதுச் சீமை, சிவகங்கைச் சீமை,
நடுவில் யார் பெயரும் இல்லாத புளியமரத்தடியிலும் ஒருவன்
தடியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருப்பான்.

பிறகு ஒரு வருசம்
எல்லாத் தாளிலும் ஒரே பறவை.
சாவி இல்லை. எலுமிச்சை இல்லை.
கழுகு என்றார் தொம்மை, பிராஞ்சுக்காரன் கழுகு.
"புதுச்சேரியைத் தோற்றவனா?"
"அவனேதான். இங்கே தோற்றான், அங்கே ஜெயித்தான்."
ஒரு சீமை தங்கைக்கு,
ஒரு சீமை இன்னொரு தங்கை மாப்பிள்ளைக்கு,
சீர்த்தட்டில் வைத்துக் கொடுத்தது போல.
ஊருக்கு ஊர் மாறிய முழக்கோலை முறித்து
ஒரே கோல் கொடுத்தானாம்.
சாவடி பாதி போயிற்றாம்.

அப்போ சரக்கு இறங்கும் என்றார் அசன் லெப்பை.
இறங்கவில்லை.
கரையைப் பிராஞ்சுக்காரன் பூட்டினான்,
கடலை இங்கிலீசுக்காரன் பூட்டினான்.
நடுவில் மால்டாவில் என் பவளம்
மூன்று பருவம் கிடந்தது.

அந்த வருசம்தான்
நம்மூர்ச் சுங்கச் சீட்டிலும் சேது முத்திரை காணோம்.
கும்பினி முத்திரை,
அழுத்திக் குத்தியதில் மறுபக்கம் புடைத்திருந்தது.
கழுகுத் தாளோடு அதையும் சேர்த்து மடித்தேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்தத் தை மாதம் வந்த பொட்டலத்துக்குத் தாளே இல்லை.
கிழிந்த நீலத் துணி.
பித்தளைப் பொத்தான் ஒன்று அதிலேயே தொங்கிற்று.
உள்ளே விரல்நுனி அளவு வளராத பிஞ்சுக் கிளை,
ஒடித்த இடம் கோணல்.
கை பழகாதவன் ஒடித்தது,
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

பழகிய கைகளையெல்லாம்
பட்டாளத்தில் எழுதிப் பனி தேசத்துக்கு நடத்திப் போனார்களாம்.
பனி என்றால்?
தொம்மையும் பார்த்ததில்லை.
வாலிநோக்கத்து உப்பளத்தை நினைத்துக்கொண்டேன்.
சித்திரை வெயிலில் கண் கூசும் வெள்ளை,
அதில் கடல்கரைப் பிள்ளைகள் செருப்பில்லாமல்.
குளிர் மட்டும் வரவில்லை.
எப்படி நினைத்தாலும் உப்பு காலைச் சுட்டது.

அசன் லெப்பை பொத்தானைக் கழற்றி
பித்தளை கால் பலம் என்று கணக்கில் எழுதினார்.
அதிலும் அந்தக் கழுகு.
துணியை நான் எடுத்துக்கொண்டேன்.
பிஞ்சுப் பவளம் முதல் தரமுமில்லை, இரண்டுமில்லை,
பூச்சியும் அரிக்கவில்லை.
நாலாவது பெட்டி ஒன்று
முடையச் சொல்லியிருக்கிறேன்.